ஓடுபாதை தெரிந்தும் விமானம் ஏன் முன்னாலேயே விழுகிறது?

ஓசூரிலிருந்து தளி போகும் சாலையில் மத்திகிரி தாண்டினால் பேளகொண்டப்பள்ளி வரும். அங்கே தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் விமான ஓடுதளம் இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 7,000 அடி, அதாவது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்தச் சாலையில் போய்வருகிறவர்களுக்குச் சின்ன விமானம் தாழப் பறப்பதைப் பார்ப்பது புதிதல்ல. அதனாலோ என்னவோ, எங்காவது ஒரு தனியார் சிறு விமானம் இரவில் இறங்கும்போது விழுந்துவிட்டது என்று செய்தி வந்தால், எங்கள் டீக்கடையில் அது ஒரு நாள் முழுக்க ஓடும்.

கேள்வி எப்போதும் ஒன்றுதான். "மழை இல்ல, பனி இல்ல, லைட்டெல்லாம் எரிஞ்சிருக்கு. அவருக்கும் ஓடுபாதை நல்லாத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் எப்படி ரெண்டு கிலோமீட்டர் முன்னாடியே போய் மோதினாரு?" எஞ்சின் நின்றிருக்கும் என்பார் ஒருவர். தூங்கியிருப்பார் என்பார் இன்னொருவர். இரண்டும் நடக்கக்கூடியவைதான். ஆனால் எஞ்சின் சரியாக ஓடிக்கொண்டிருக்க, விமானி முழு விழிப்போடு ஓடுபாதையையே பார்த்துக்கொண்டிருக்க, தான் சரியான உயரத்தில்தான் வருகிறோம் என்று நம்பிக்கொண்டே தரையில் மோதுவதும் உண்டு. பலமுறை நடந்திருக்கிறது. விமானிகள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: பிளாக் ஹோல் அப்ரோச். தமிழில் கருங்குழி இறக்கம் என்று சொல்லலாம். வானியலில் வரும் கருந்துளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விமானத்துக்கும் ஓடுபாதைக்கும் நடுவே ஒரு விளக்குகூட இல்லாத இருட்டுப் பள்ளம், அவ்வளவுதான்.

இது புரிய, நம் கண் தூரத்தை எப்படி அளக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

என் சித்தப்பா இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். தொப்பூர் கணவாயில் அவர் இறங்காத இரவு குறைவு. நான் பைக் ஓட்டப் பழகியபோது அவர் சொன்ன முதல் பாடம் இது: "எதிர்ல ரெண்டு லைட்டு வந்தா பயம் இல்ல கண்ணு, நடுவுல இருக்கிற இடைவெளியப் பாரு, தூரம் தெரிஞ்சிடும். ஒத்த லைட்டு வந்தா ஓரம் கட்டிடு. அது பைக்கா இருக்கலாம், ஒரு பக்கம் லைட்டு போன லாரியாவும் இருக்கலாம். கிட்ட வர்ற வரைக்கும் தெரியாது." விமானத்தைப் பற்றி அவர் பேசவில்லை. ஆனால் விஷயம் முழுவதும் இதில் இருக்கிறது. கண் நேராகத் தூரத்தை அளப்பதில்லை. ஏற்கெனவே அளவு தெரிந்த ஒன்றைப் பார்த்து, அது எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. அந்த ஒன்று கிடைக்கவில்லை என்றால் கண் ஊகிக்கும். ஊகிக்கிறோம் என்று நமக்குச் சொல்லவும் சொல்லாது. ஆபத்து அதில்தான்.

பகலில் இறங்கும் விமானிக்குத் துணைக்கு எவ்வளவோ இருக்கிறது. கீழே மாந்தோப்பு, தக்காளிக் காடு, ஓட்டு வீடு, மேயும் ஆடு, சாலையில் போகும் பஸ். ஒவ்வொன்றின் அளவும் அவருக்குத் தெரியும். தாழ வரவர அவை பெரிதாகும், பின்னோக்கி ஓடும் வேகமும் கூடும். எவரும் சொல்லாமலே, தரை நெருங்குகிறது என்பதை உடம்பு உணர்ந்துவிடும்.

இப்போது அதே இடத்தை அமாவாசை இரவில் நினைத்துப் பாருங்கள். இராயக்கோட்டைப் பக்கம் இருட்டுக்கு நடுவே ஒரு ஓடுபாதை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓடுபாதையின் இரு ஓரத்திலும் வெள்ளை விளக்கு வரிசை. தொடங்கும் இடத்தில் பச்சை, முடியும் இடத்தில் சிவப்பு. சுற்றிலும் மலையும் மானாவாரி நிலமும் கரும் போர்வையாகக் கிடக்கின்றன. மாந்தோப்பும் இல்லை, வீடும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அவர் கண்ணுக்குக் கிடைப்பது இரண்டு ஒளிக்கோடுகள் சேர்ந்த ஒரு நீண்ட வடிவம் மட்டும். உயரம், தூரம் இரண்டையும் அந்த ஒரே வடிவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நிலை.

அந்த வடிவம் என்ன செய்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு நீள நோட்டுப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையின் அந்தக் கோடியில் வையுங்கள், நீளப் பக்கம் உங்களை நோக்கி ஓடும்படி. நின்றுகொண்டு பாருங்கள்: புத்தகம் நன்றாக நீண்டு தெரியும். இப்போது மெல்லக் குனிந்து கண்ணை மேஜை மட்டத்துக்கு அருகே கொண்டு போங்கள். புத்தகம் நசுங்கி நசுங்கி, கடைசியில் ஒரு கோடாகிவிடும். ஆக, நீண்டு தெரிந்தால் உயரத்தில் இருக்கிறோம், நசுங்கித் தெரிந்தால் தாழ்வில் இருக்கிறோம் என்று மூளை பழகியிருக்கிறது. இதுவரை சரி.

இனி அந்தக் குனிந்த நிலையிலிருந்து புத்தகத்தை நோக்கி நகருங்கள். கண்ணின் உயரத்தை மாற்றாமலே கிட்டே போனாலும் புத்தகம் நீண்டு தெரிய ஆரம்பிக்கும். உயரம் கூடவில்லை, தூரம்தான் குறைந்தது. பகலில் மேஜை, சுவர், டம்ளர் எல்லாம் கண்ணில் படுவதால் மூளை இந்த இரண்டையும் பிரித்துக்கொள்கிறது. இருட்டில் புத்தகத்தின் ஓரம் மட்டும் ஒளிர்ந்தால் பிரிக்க முடியாது. 'நீண்டு தெரிகிறதே, அப்படியானால் உயரமாக வந்துவிட்டோம்' என்று முடிவுகட்டி, விமானத்தின் மூக்கைச் சற்றுக் கீழே சாய்க்க விமானிக்குச் சொல்லும். சாய்த்ததும் வடிவம் பழையபடி ஆகிவிடும், மனம் நிம்மதி அடையும். இன்னும் கொஞ்சம் கிட்டே போனதும் மறுபடி நீளும், மறுபடி சாய்ப்பார். இப்படித்தான் ஒவ்வொரு முறையும் 'சரிசெய்து' கொண்டே கீழே போகிறார்.

எண்ணில் போட்டால் இன்னும் உறைக்கும். சாதாரணமாக விமானங்கள் தரையோடு 3 டிகிரி கோணத்தில் இறங்கும். அதாவது ஓடுபாதைக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் 52 மீட்டர் உயரம், பத்து கிலோமீட்டர் தொலைவில் 524 மீட்டர். இரண்டு கிலோமீட்டர் நீள ஓடுபாதை, விமானி பத்து கிலோமீட்டர் தொலைவில் சரியான உயரத்தில் இருக்கிறார், அங்கே கண்ணில் தெரிந்த வடிவத்தின் மேல்கீழ் அளவை அப்படியே காப்பாற்றிக்கொண்டு வருகிறார் என்று கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து கிலோமீட்டரில் 262 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டியவர் 153 மீட்டரில் இருப்பார். மூன்று கிலோமீட்டரில் 157 இருக்க வேண்டிய இடத்தில் 65. இரண்டு கிலோமீட்டரில் 105-க்குப் பதில் 35. ஒரு கிலோமீட்டரில் 52-க்குப் பதில் 13 மீட்டர்.

13 மீட்டர் என்பது தென்னைமரத்தின் உயரம். ஓடுபாதை இன்னும் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவர் கண்ணுக்கோ படத்தின் மேல்கீழ் அளவு பத்து கிலோமீட்டர் தொலைவில் பார்த்தது போலவே அச்சு அசலாகச் சரியாக இருக்கிறது. நடுவில் ஒரு மின்கம்பியோ, கரடோ, தோப்போ வந்தால் அங்கேயே முடிந்துவிடும். டீக்கடைக் கேள்விக்கு விடை இந்த 13 மீட்டர்தான்.

இதை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் போயிங் நிறுவனத்தில் இருந்த கான்ராட் கிராஃப்ட் என்ற உளவியலாளர். 1960-களில் பயணிகள் ஜெட் விமானங்கள் சில, இரவில் தெளிவான வானிலையில், ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதின. அவர் இருட்டு நிலத்துக்கு அப்பால் விளக்குகள் தெரியும் நகரத்தைப் பாவனைக் கருவியில் (சிமுலேட்டர்) அமைத்து, அனுபவமுள்ள விமானிகளை உயரமானியைப் பார்க்காமல் இறக்கச் சொன்னார். தேர்ந்த விமானிகளே தாழ்ந்து தாழ்ந்து வந்தார்கள். நகரம் மேட்டுச் சரிவில் அமைந்திருந்தால் மயக்கம் இன்னும் மோசமாயிற்று. சரிவில் ஏறும் விளக்குகள் நீண்டு தெரியும், நீண்டு தெரிந்தால் உயரம் என்று மூளை எடுத்துக்கொள்ளும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், விபத்து நடந்ததும் 'அவருக்கு ஓட்டவே தெரியவில்லை' என்று சொல்லிவிடுகிறோம். பயிற்சி கொடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கும் கண் இப்படித்தான் வேலை செய்யும்.

சரிவைப் போலவே அகலமும் ஏமாற்றும். பெரிய விமான நிலையத்தின் அகலமான ஓடுபாதையில் பழகியவர் குறுகலான சிறு ஓடுதளத்துக்கு வந்தால், குறுகலாகத் தெரிவதால் உயரமாக இருக்கிறோம் என்று எண்ணித் தாழ்ந்துவிடுவார். லேசான மூட்டத்தில் விளக்குகள் மங்கும், மங்கினால் தூரம் என்று தோன்றும். ஓசூர்ப் பக்கம் மார்கழியில் விடியுமுன் பைக் ஓட்டியவர்களுக்கு இது பழக்கம்: பனிக்குள் மங்கலாக எங்கோ தெரிந்த வண்டி திடீரென்று மூக்குக்கு முன்னால் நிற்கும்.

நம் மாவட்டங்கள் மாதிரி கரடும் மலையும் கலந்த பூமிக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். இரவில் மலை தெரியாது. மலையில் விளக்கு இருந்தால்தான் அது மலை, இல்லாவிட்டால் அது வெறும் இருட்டு, வானம் போலவே. ஆனால் மலை தன்னைக் காட்டிக்கொடுக்கும் ஒரு நேரம் உண்டு. தர்மபுரி பக்கத்திலிருந்து இரவு பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தொலைவில் ஒரு ஊரின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். வளைவில் அவை ஒவ்வொன்றாக அணையும். மின்சாரம் போகவில்லை, நடுவில் ஒரு கரடு நுழைந்துவிட்டது. விமானிக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்: ஓடுபாதையின் முன்பக்க விளக்குகள் கீழிருந்து மறைய ஆரம்பித்தால், உங்களுக்கும் அதற்கும் நடுவே ஏதோ எழும்புகிறது. யோசிக்காதீர்கள், உடனே உயரே ஏறுங்கள்.

அடுத்தது காது. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்புக்கு வேகம் கூடுவதும் பின்னால் சாய்வதும் ஒன்றுபோலத் தோன்றும். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது டிரைவர் வேகமெடுத்தால் சீட்டு பின்பக்கம் சாய்ந்ததுபோல ஒரு கணம் இருக்குமே, அதேதான். இறங்குவது சரிப்படவில்லை என்று இரவில் ஒரு விமானி முழு விசை கொடுத்து மேலே ஏறத் தொடங்கும்போது, மூக்கு அளவுக்கு மீறி மேலே தூக்கிக்கொண்டதுபோல அவருக்குத் தோன்றும். வெளியே அடிவானம் தெரிந்தால் 'இல்லை, சரியாகத்தான் இருக்கிறது' என்று கண் திருத்திவிடும். ஓடுபாதையைத் தாண்டியதும் முன்னால் இருட்டு மட்டும்தான். காதை நம்பி மூக்கை அழுத்தினால், ஏறுகிறோம் என்ற எண்ணத்தோடே தரைக்குள் போய்விடுவார்.

கண்ணுக்கு அடிவானம் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஜான் எஃப். கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர். 1999 ஜூலை 16 இரவு பைப்பர் சரடோகா என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு, மனைவியோடும் மனைவியின் அக்காவோடும் மார்த்தாஸ் வினியார்டு தீவுக்குப் போனார். கடல் மேல் மூட்டம். வானமும் தண்ணீரும் ஒரே கருப்பு. இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்துகொண்டிருந்தபோது விமானம் கட்டுப்பாடு இழந்து கடலில் விழுந்தது, மூவரும் இறந்தார்கள். விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற உணர்வு தவறியதே காரணம் என்று அமெரிக்க விசாரணை வாரியம் சொன்னது. விமானத்தில் பழுது எதையும் அவர்கள் காணவில்லை. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதிச் சான்று அவரிடம் இருக்கவில்லை.

சரி, கண்ணும் காதும் இப்படி என்றால் விமானிகள் எதை நம்புகிறார்கள்?

முதலில் உயரமானி. இது காற்றழுத்தத்தை அளந்து உயரம் காட்டும் கருவி. அன்றைய அழுத்தத்தை விமானி சரியாகப் பொருத்த வேண்டும். அழுத்தத்தின் அலகான ஹெக்டோபாஸ்கலில் ஒன்று பிசகினால் கிட்டத்தட்ட 30 அடி பிசகும். அதோடு, அது காட்டுவது கடல் மட்டத்திலிருந்து உயரம், காலடி மண்ணிலிருந்து அல்ல. ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி மேலே இருக்கும் ஊர். சென்னையில் தரையைத் தொடும்போது முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும், இங்கே 3,000-ல் நிற்கும். களைத்துப்போன மனம் அந்தக் கழித்தலைச் செய்ய மறந்துவிடக் கூடாது. அதனால்தான் எந்தத் தொலைவில் முள் எந்த எண்ணில் இருக்க வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்ல விமானியின் பழக்கம்.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது, பாப்பி என்ற விளக்கு. ஓடுபாதையின் தொடக்கத்தை ஒட்டி, பெரும்பாலும் இடப்பக்கம், வரிசையாக நான்கு பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் மேல்பக்கம் வெள்ளை ஒளியையும் கீழ்ப்பக்கம் சிவப்பு ஒளியையும் வீசுகிறது. ஆனால் நான்கும் வெவ்வேறு கோணத்தில், இம்மி இம்மியாக மாற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. சரியான சரிவில் வருகிறவருக்கு இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரியும். நான்கும் வெள்ளை என்றால் மிக உயரம். மூன்று சிவப்பு என்றால் சற்றுத் தாழ்வு. நான்கும் சிவப்பு என்றால் தாழ்ந்துவிட்டீர்கள், இறங்குவதை நிறுத்துங்கள். கருவிக்குள் கணினி எதுவும் தேவையில்லை, விளக்கும் வில்லையும் வண்ணக் கண்ணாடியும் போதும். கண் எந்த இடத்தில் தவறுகிறதோ அதே இடத்தில், கண்ணுக்குப் புரியும் மொழியிலேயே திருத்துகிறது. மேலே சொன்ன கணக்கில் ஐந்து கிலோமீட்டரில் 153 மீட்டருக்கு வந்துவிட்டாரே, அவருக்கு அந்நேரம் நான்கும் சிவப்பாகத்தான் தெரியும்.

எல்லாச் சிறு ஓடுதளத்திலும் பாப்பி இருக்காது. பெரிய விமானங்களில் தரை நெருங்கினால் குரல் கொடுத்து எச்சரிக்கும் கருவி உண்டு, பழைய சிறு விமானங்கள் பலவற்றில் அதுவும் இருக்காது. கூடவே, சிறு விமானத்தில் பெரும்பாலும் ஒரே விமானி. 'ஐயா, தாழ்ந்துட்டீங்க' என்று சொல்லப் பக்கத்தில் துணை விமானி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில், கண்ணால் பார்த்து ஓட்டும் முறையில் பறக்கும் விமானம் சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்கு மேல் பறக்கக் கூடாது, மறுநாள் சூரியன் உதிக்க 20 நிமிடம் இருக்கும் வரை. கட்டுப்பாட்டுக் கோபுரம் அனுமதிக்கும் உள்ளூர் மற்றும் பயிற்சிப் பறத்தல்களுக்கு விலக்கு உண்டு. 20 நிமிடம் என்பது ஏதோ ஒரு எண் என்று நினைக்க வேண்டாம். நம் பக்கம் பொழுது சாய்ந்தால் மளமளவென்று இருட்டிவிடும். இருபது நிமிடத்தில் வரப்பு கண்ணுக்குத் தெரியாது, மாடு பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு இது தெரியும். அமெரிக்காவில் கண்ணால் பார்த்து இரவில் பறக்க அனுமதி உண்டு. ஆனால் கூட ஒருவரை ஏற்றிக்கொள்ள வேண்டுமானால், கடந்த 90 நாளுக்குள் இரவிலேயே மூன்று முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும். பகலில் ஆயிரம் முறை இறங்கியது இந்தக் கணக்கில் சேராது.

2024 ஜூனில் ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதிலிருந்து எங்கள் டீக்கடையில் விமானப் பேச்சு கூடியிருக்கிறது. போன வாரம் சித்தப்பாவை உட்காரவைத்து, நோட்டுப் புத்தகத்தை மேஜைக் கோடியில் வைத்து, குனியச் சொல்லி எல்லாவற்றையும் காட்டினேன். 13 மீட்டர் கணக்கை இரண்டு முறை கேட்டார். பாப்பி விளக்கைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாலும் சிவப்பாத் தெரிஞ்சா அவன் என்ன பண்ணணும்?"

"இறங்குறத நிறுத்திட்டு நேரா பறக்கணும் சித்தப்பா. ரெண்டு வெள்ளை திரும்பி வர்ற வரைக்கும்."

"வரலன்னா?"

"ஏறிப் போயிடணும். சுத்தி வந்து மறுபடி பார்க்கலாம்."

"அப்ப அவன் டேங்குல எண்ணெய் மிச்சம் வெச்சிருக்கணுமே" என்றார்.

ஆமாம். இரவில் பறக்கிறவர் போய்ச் சேரும் இடத்துக்கு மேல் இன்னும் முக்கால் மணி நேரம் பறக்க எரிபொருள் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. பகலில் அரை மணி போதும். அந்தக் கூடுதல் கால் மணி எதற்கு என்று லாரி ஓட்டிய அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.